நீருக்கடியில் இருந்து வந்த சாட்சிகள்: கொழும்பும் திருகோணமலையும் கேட்க மறந்த கதைகள்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி. உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர்கள் பூசைக்குப் போய்க்கொண்டிருந்த காலை வேளையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்தன. துறைமுகமும் இரத்மலானை விமானத் தளமும் தாக்கப்பட்டன. அங்கொடை மனநல மருத்துவமனையிலும் குண்டுகள் விழுந்தன. துறைமுகத்துக்குள் 'ரெனிடோஸ்' என்ற நாசகாரிக் கப்பலும் 'ஹெக்டர்' என்ற ஆயுதமேந்திய வணிகக் கப்பலும் மூழ்கின. 'லூசியா' என்ற கப்பலும் குண்டடி பட்டுச் சேதமானது.

புனித லூசியாள் பேராலயத்தின் நிழலில் வாழ்ந்த கொட்டாஞ்சேனை மக்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானது. ஆனால் அந்தக் கப்பல் என்ன வேலைக்காகக் கொழும்பில் நின்றது என்பது இன்று அங்கே பலருக்குத் தெரியாது. லூசியா ஒரு நீர்மூழ்கித் தாய்க்கப்பல். நீர்மூழ்கிகளுக்கு எரிபொருள், டோர்ப்பிடோ, உணவு, குடிநீர் ஆகியவற்றைக் கொடுப்பதும், அவற்றைத் திருத்துவதும், ரோந்து முடிந்து வரும் மாலுமிகளைத் தங்கவைப்பதும் அதன் வேலை. முதலில் அது ஒரு ஜேர்மன் வணிகக் கப்பல். முதலாம் உலகப்போரில் பிரித்தானியர் அதைக் கைப்பற்றித் தாய்க்கப்பலாக மாற்றினார்கள்.

இலங்கைக் கடற்படையிடம் இன்றுவரை ஒரு நீர்மூழ்கிகூட இல்லை. ஆகவே 'நீர்மூழ்கியில் பணியாற்றிய முதியவரிடம் கதை கேட்டல்' என்றால் அது இங்கிலாந்திலோ ஜேர்மனியிலோ நடக்கிற காரியம் என்றுதான் நாம் எண்ணுவோம். ஆனால் அந்தக் கதைகளில் பல எங்கள் கடலில் நடந்தவை. கொழும்பையும் திருகோணமலையையும் பினாங்கையும் இணைக்கும் கடற்பாதையில், எங்கள் தாத்தாமார் வேலை செய்த துறைமுகங்களில் இருந்து புறப்பட்டவை. அவற்றை யார் பதிந்தார்கள், யாருடைய குரல் விடுபட்டது, எங்கள் போரின் சாட்சிகளும் மூப்படைந்து வரும் இந்நேரத்தில் அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

திருகோணமலையில் இருந்து மலாக்கா வரை

கொழும்புத் தாக்குதலுக்கு நான்கு நாட்களின் பின், ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலை தாக்கப்பட்டது. அன்று மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் முந்நூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கியது. அதன் சிதைவு இன்றும் அங்கே கிடக்கிறது. பிரித்தானியக் கிழக்குக் கப்பற்படையின் பெரும்பகுதி ஆபிரிக்கக் கரைக்குப் பின்வாங்கியது. அதன்பின் ஜப்பானியருக்கு எதிராக இந்தப் பக்கத்தில் தொடர்ந்து இயங்கிய கருவிகளில் முக்கியமானது நீர்மூழ்கிதான்.

1943க்குப் பிறகு திருகோணமலை பெரிய நீர்மூழ்கித் தளமாக வளர்ந்தது. 'அடமன்ற்', 'மெயிட்ஸ்ரோன்', 'வுல்ஃப்' ஆகிய தாய்க்கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டன. பிரித்தானிய நீர்மூழ்கிகளுடன், ஜேர்மனியால் நாடு பறிக்கப்பட்ட ஒல்லாந்தரின் நீர்மூழ்கிகளும் இயங்கின. அவை வங்கக் கடலைத் தாண்டி மலாக்கா நீரிணைக்குப் போயின. அங்கே ஆழம் குறைவு; ஒளிய இடமில்லை; கண்ணிவெடிகள் நிறைந்திருந்தன.

1944 ஜனவரி 11ஆம் திகதி 'ரலி-ஹோ' என்ற நீர்மூழ்கி பினாங்குக்கு அருகே 'குமா' என்ற ஜப்பானியக் குரூசர் கப்பலை மூழ்கடித்தது. அடுத்த மாதம் ஓர் இரவில் அதே நீர்மூழ்கி ஜப்பானிய டோர்ப்பிடோப் படகு ஒன்றுடன் மோதியது. ஒரு பக்கத்து மிதவைத் தொட்டிகள் கிழிந்த நிலையில் அது திருகோணமலை வந்து சேர்ந்தது. 'ஸ்ரோன்ஹெஞ்ச்' என்ற நீர்மூழ்கிக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. 1944 பெப்ரவரி கடைசியில் திருகோணமலையை விட்டுப் புறப்பட்ட அது திரும்பி வரவே இல்லை. என்ன நடந்தது என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அதன் மாலுமிகளின் வீடுகளுக்குப் போன அறிவித்தலில் இருந்தது 'காணாமற்போனார்' என்ற சொல். அந்தச் சொல்லின் பாரம் எங்களுக்குத் தெரியாததல்ல.

திருகோணமலைக் கப்பற்பட்டறையில் உள்ளூர்த் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இந்தியாவில் இருந்து வந்தவர்களும் வேலை செய்தார்கள். 1957 ஒக்ரோபர் 15ஆம் திகதி தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அங்கு பணியாற்றிய பிரித்தானிய மாலுமிகளின் நினைவுகள் நூல்களாகவும் ஒலிநாடாக்களாகவும் இலண்டனில் இருக்கின்றன. அதே கப்பல்களுக்குக் கரி, எண்ணெய், தண்ணீர் ஏற்றியவர்களின் பேச்சு பெரும்பாலும் அவர்களோடு போய்விட்டது.

உள்ளே இருந்த வாழ்க்கை

அந்த மாலுமிகள் முதுமையில் சொன்ன கதைகளைக் கேட்பவர்கள் முதலில் எதிர்பார்ப்பது டோர்ப்பிடோவையும் வெடிப்பையும்தான். ஆனால் அவர்கள் அதிகம் சொல்வது வியர்வையைப் பற்றியும் மணத்தைப் பற்றியும்.

'ரி' வகை நீர்மூழ்கி ஏறத்தாழ 84 மீற்றர் நீளமானது. அதற்குள் சுமார் 60 பேர். பகல் முழுவதும் நீருக்கடியில் மின்கலத்தின் பலத்தில் மெதுவாக நகர்வார்கள். இரவில் மேலே வந்து டீசல் இயந்திரத்தை ஓட்டி மின்கலங்களுக்கு மின்னேற்றுவார்கள். மாலை நெருங்கும்போது உள்ளே காற்று கெட்டுத் தலை வலிக்கும், மூச்சு வாங்கும். வெப்பமண்டலக் கடலில் இரும்புச் சுவர்களிலிருந்து நீர் வடியும். உடலெங்கும் வேர்க்குரு. குளிக்கத் தண்ணீர் கிடையாது. பாண் சில நாட்களில் பூஞ்சணம் பிடித்துவிடும். ஒருவர் எழுந்த படுக்கையில் அதே சூட்டோடு இன்னொருவர் படுப்பார். ஒரு ரோந்து சில வாரங்கள் நீடிக்கும்.

எதிரிக் கப்பல் மேலே வந்து ஆழ்வெடிகளைப் போடும்போது எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். விசிறி ஓடாது. யாரும் பேச மாட்டார்கள். ஒரு கரண்டி தரையில் விழுந்தாலும் மேலே கேட்டுவிடும் என்ற பயம். வெடிச்சத்தம் நெருங்குகிறதா விலகுகிறதா என்று காதால் அளந்துகொண்டு இருப்பது மட்டுமே அவர்களால் செய்ய முடிந்தது.

பங்கருக்குள் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 'கிபிர்' வரும் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் குண்டு விழும் என்று கணித்த பிள்ளைகள் வன்னியில் வளர்ந்தார்கள். நீர்மூழ்கி மாலுமியின் கதையும் பங்கரில் இருந்த அம்மாவின் கதையும் ஒன்றல்ல. அவன் ஆயுதத்தோடு போனவன். அவளுக்குத் தெரிவு இருக்கவில்லை. ஆனாலும் சத்தத்துக்குக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களைப் பற்றி இருவரும் பேசினால் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்வார்கள்.

இந்த வாழ்க்கையை எழுதியவர்களில் முக்கியமானவர் எட்வேட் யங். 1944இல் 'ஸ்ரோம்' என்ற நீர்மூழ்கியின் கட்டளை அதிகாரியாகத் திருகோணமலையில் இருந்து இயங்கியவர். முழுநேரக் கடற்படையாளர் அல்லர். புத்தக நிறுவனம் ஒன்றில் வேலை செய்தவர். பென்குயின் நூல்களின் அட்டையில் நாம் பார்க்கும் பறவைச் சின்னத்தை முதலில் வரைந்தவர் அவரே. 1952இல் வெளிவந்த அவருடைய போர் நினைவு நூல் பின்னர் பென்குயினின் ஆயிரமாவது நூலாக வந்தது.

கொழும்புக்கு வந்து சேராதவர்கள்

நீர்மூழ்கிக் கதை, வேட்டையாடியவரின் கதை மட்டுமல்ல. 1944 பெப்ரவரி 12ஆம் திகதி, கென்யாவின் மொம்பாசாவில் இருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'கெடிவ் இஸ்மாயில்' என்ற துருப்புக் கப்பலை மாலைதீவுக்கு அண்மையில் 'ஐ-27' என்ற ஜப்பானிய நீர்மூழ்கி தாக்கியது. கப்பல் சில நிமிடங்களுக்குள் மூழ்கிவிட்டது. 1,297 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும் எண்ணிக்கையினர் கிழக்கு ஆபிரிக்கப் பீரங்கிப் படையினர். தாதியர் உட்பட 77 பெண்களும் இறந்தார்கள்.

அதற்குப் பின்னர் நடந்ததுதான் மாலுமிகளின் நெஞ்சில் தங்கியது. தப்பியவர்கள் நீரில் நீந்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே அந்த நீர்மூழ்கி இருக்கலாம் என்று கருதப்பட்டது. அதை விட்டுவிட்டால் தொடரணியின் மற்றக் கப்பல்களும் போய்விடும். பாதுகாப்புக்கு வந்த 'பெற்றாட்', 'பலடின்' ஆகிய நாசகாரிகள் ஆழ்வெடிகளைப் போட்டன. நீரில் இருந்த தம் ஆட்களே அந்த வெடிப்பில் இறந்தார்கள். கடைசியில் ஐ-27 மூழ்கடிக்கப்பட்டது.

அந்த முடிவு சரியா என்று நீதிமன்றம் எதுவும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அன்று கப்பல்தட்டில் நின்ற இளைஞர்கள் அந்தக் காட்சியை வாழ்நாள் முழுக்கச் சுமந்தார்கள். இத்தகைய நிகழ்வை அதிகாரபூர்வ அறிக்கை ஒரு வரியில் 'ஆழ்வெடித் தாக்குதல் நடத்தப்பட்டது' என்று முடித்துவிடும். நீரில் மிதந்தவர்கள் உதவிக்கு வருகிறார்கள் என்று நம்பிக் கையசைத்ததை மனிதர்தான் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு மார்ச் 26ஆம் திகதி, மெல்பேணில் இருந்து கொழும்புக்கு வந்த 'ஜிசலாக்' என்ற ஒல்லாந்தக் கப்பலை 'ஐ-8' என்ற ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. தப்பியவர்களை நீர்மூழ்கியின் மேல்தட்டுக்கு ஏற்றிக் கொன்றார்கள். உயிர் தப்பியவர்கள் 5 பேர். யூலை மாதம் அவுஸ்திரேலியாவில் இருந்து கொழும்பு நோக்கி வந்த 'ஜீன் நிக்கலே' என்ற அமெரிக்கக் கப்பலுக்கும் அதே நீர்மூழ்கி அதையே செய்தது. அந்த ஐவரும் இரண்டாவது கப்பலில் மிஞ்சிய சிலரும் வாய் திறந்திராவிட்டால் இரண்டு கப்பல்களும் 'எதிரியால் மூழ்கடிக்கப்பட்டன' என்ற பட்டியலில் இரு பெயர்களாக மட்டும் இருந்திருக்கும். ஒரு குற்றம் குற்றமாகத் தெரிய வருவதற்கு, உயிரோடு மீண்ட ஐந்து பேரின் சொல் தேவைப்பட்டது.

மறுபக்கத்தில் எங்கள் ஆட்கள்

இதே கடலில் ஜப்பானிய நீர்மூழ்கிகளுக்குள் இந்தியரும் இருந்தார்கள். பினாங்கில் பயிற்சி பெற்ற இந்திய விடுதலை இளைஞர்கள் சிலர் 1942 செப்ரெம்பரில் நீர்மூழ்கி மூலம் கேரளக் கரைக்கு அருகே கொண்டுவரப்பட்டு, இறப்பர்ப் படகில் இறக்கிவிடப்பட்டார்கள். தானூரில் கரையேறிய வக்கம் அப்துல் காதர் உடனேயே பிடிபட்டார். 1943 செப்ரெம்பர் 10ஆம் திகதி சென்னைச் சிறையில் அவரும் மேலும் மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். நீர்மூழ்கிப் பயணத்தைப் பற்றி முதுமையில் சொல்ல அவர்களுக்கு முதுமை கிடைக்கவில்லை.

சுபாஸ் சந்திரபோஸ் 1943 பெப்ரவரியில் ஜேர்மனியின் கீல் துறைமுகத்தில் நீர்மூழ்கி ஏறினார். ஆபிரிக்காவைச் சுற்றி வந்து, ஏப்ரல் கடைசியில் மடகஸ்காருக்கு அப்பால் கொந்தளித்த கடலில் இறப்பர் மிதவை ஒன்றின் மூலம் ஜப்பானிய நீர்மூழ்கிக்கு மாறினார். மே மாதம் சுமாத்திராவுக்கு அருகில் உள்ள சபாங் தீவில் இறங்கினார். அந்த மூன்று மாதப் பயணத்தில் அவருடன் கூட வந்த ஒரே இந்தியர் ஆபித் ஹசன். நேதாஜி நெருக்கமான அறைக்குள் ஓயாமல் எழுதிக்கொண்டும் எழுதச் சொல்லிக்கொண்டும் இருந்தார் என்று இன்று நாம் அறிவது ஆபித் ஹசன் பின்னாளில் சொல்லி வைத்ததால்தான். பின்னர் இந்திய இராஜதந்திரியாகப் பணியாற்றிய அவர் 1984இல் காலமானார்.

மலாயாவில் தோட்டத் தொழிலாளராக இருந்த தமிழ் இளைஞர்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். அந்தத் தலைமுறையின் வாய்மொழியை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஓரளவு பதிந்திருக்கிறார்கள். தலைவரை அறிவதற்கு ஒரு ஆபித் ஹசன் போதும். தொண்டர்களை அறிவதற்கு ஒவ்வொருவரிடமும் போக வேண்டும்.

ஒரே நிகழ்வு, இரண்டு கரைகள்

1971 போரில் பாகிஸ்தானின் 'காசி' நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே 90க்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. இந்தியக் கடற்படை தன் 'ராஜ்புத்' கப்பலின் ஆழ்வெடிகளே காரணம் என்றது. பாகிஸ்தான் தரப்பு உள்வெடிப்பு அல்லது கண்ணிவெடி என்றது. உள்ளே இருந்த ஒருவரும் தப்பவில்லை. ஆகவே அரை நூற்றாண்டு கடந்தும் விவாதம் முடியவில்லை.

அதே ஆண்டு டிசெம்பர் 9ஆம் திகதி 'ஹாங்கோர்' என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி, டையூவுக்கு அப்பால் இந்தியாவின் 'குக்ரி' கப்பலை மூழ்கடித்தது. 194 பேர் இறந்தார்கள். கப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலோடே போனார். இங்கே இரு தரப்பிலும் ஆட்கள் மிஞ்சினார்கள். ஹாங்கோரின் கட்டளை அதிகாரி அகமட் தஸ்னீம் பிற்காலத்தில் அந்த இரவைப் பற்றிப் பேசினார். குக்ரியில் இருந்து தப்பியவர்களும் பேசினார்கள். வேட்டையாடியவர் சொல்லும் மணிக்கணக்கான காத்திருப்பும், கப்பலில் இருந்தவர் சொல்லும் சில நிமிட இருளும் ஒரே இரவின் இரு முகங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால்தான் அந்த இரவு முழுமையாகத் தெரிகிறது.

இந்தக் கேட்டலுக்கு ஓர் இடமும் இருக்கிறது. 1969இல் சேவையில் சேர்ந்து 2001இல் ஓய்வு பெற்ற இந்திய நீர்மூழ்கி 'குர்சுரா' 2002 முதல் விசாகப்பட்டினக் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்கே பார்வையாளர்களுக்கு வழிகாட்டுபவர்கள் ஓய்வு பெற்ற கடற்படையினர். இரும்பையும் குழாய்களையும் பார்த்து விட்டு வருவதற்கும், அதற்குள் வாழ்ந்த வாழ்க்கையை அறிந்த ஒருவர் வாயால் 'இங்கேதான் படுப்போம்' என்று கேட்பதற்கும் இடையில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

பதிவேடு சொல்லாததை மனிதர் சொன்னபோது

1982 மே 2ஆம் திகதி, போக்லண்ட் போரில், பிரித்தானிய நீர்மூழ்கி 'கொன்கரர்' ஆர்ஜென்ரீனாவின் 'பெல்கிரானோ' கப்பலை மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பல் பிரித்தானியக் கப்பல்களை நெருங்கி வந்துகொண்டிருந்தது என்று அரசாங்கம் முதலில் சொன்னது. உண்மையில் அது பல மணிநேரமாக எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்தது. இதை வெளியே கொண்டுவந்தவற்றில் ஒன்று, கொன்கரரில் பணியாற்றிய நரேந்திர சேதியா என்ற இளம் அதிகாரி தனக்காக எழுதி வைத்திருந்த நாட்குறிப்பு. அரசைக் கவிழ்க்க அவர் அதை எழுதவில்லை. கண்டதைத் திகதியோடு எழுதினார். அதனாலேயே அதற்கு வலு இருந்தது.

1962 ஒக்ரோபர் 27ஆம் திகதி கியூபா நெருக்கடியின் உச்சத்தில், சோவியத் நீர்மூழ்கி 'பி-59' அமெரிக்கக் கப்பல்களால் சுற்றி வளைக்கப்பட்டது. உள்ளே ஓர் அணுவாயுத டோர்ப்பிடோ இருந்தது. மின்கலம் தீர்ந்து, வெப்பம் தாங்காமல், வெளியே போர் தொடங்கிவிட்டதா என்றே தெரியாத நிலையில் கட்டளை அதிகாரி அதை ஏவ நினைத்ததாகவும், உடனிருந்த மூத்த அதிகாரி வசீலி ஆர்க்கிப்போவ் தடுத்ததாகவும் அதில் இருந்த வதீம் ஓர்லோவ் சொன்னார். அது உலகுக்குப் பரவலாகத் தெரிய வந்தது 2002இல். 40 ஆண்டுகள் கழித்து. ஆர்க்கிப்போவ் 1998இலேயே இறந்துவிட்டார். உடன் இருந்த மற்றவர்கள் எல்லோரும் இந்த விபரங்களை அப்படியே ஒத்துக்கொள்ளவும் இல்லை.

இந்தக் கடைசி வரி முக்கியமானது. வாய்மொழி என்பது புனித நூல் அல்ல. வயதானவர்களின் நினைவில் திகதிகள் மாறும். இரண்டு நிகழ்வுகள் ஒன்றாகும். பிற்காலத்தில் பார்த்த படமும் படித்த செய்தியும் தாம் கண்டதோடு கலக்கும். ஆகவே வரலாற்றாய்வாளர்கள் ரோந்து அறிக்கையையும் சாட்சியத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். ஆனால் அறிக்கையும் குற்றமற்றதல்ல. அது மேலதிகாரிக்காக எழுதப்பட்டது. எதை எழுதக்கூடாது என்பது எழுதியவருக்கு நன்றாகவே தெரியும்.

பிரித்தானியாவின் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் 1972இல் ஒலிப்பதிவுப் பிரிவைத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்து 27 ஆண்டுகளின் பின். அப்போது நீர்மூழ்கிச் சேவையில் இருந்தவர்கள் ஐம்பதுகளில் இருந்தார்கள். ஜேர்மன் நீர்மூழ்கிகளில் போன சுமார் 40,000 பேரில் ஏறத்தாழ 30,000 பேர் திரும்பவில்லை. மிஞ்சியவர்களிடமும் கேட்கத் தொடங்கியது அந்த வயதில்தான். பதிந்தபடியால் இருக்கிறது. 1942இல் 18 வயதாக இருந்த ஒருவர் இன்று நூறைத் தாண்டியிருப்பார். அந்தக் கதவு மூடிவிட்டது என்றே சொல்லலாம்.

எங்கள் கதவு இன்னும் மூடவில்லை

2009இன் பின்னர், புதுக்குடியிருப்புப் பக்கத்தில் விடுதலைப் புலிகள் கட்டிய சிறு நீர்மூழ்கிகளின் கூடுகளை இராணுவம் காட்சிக்கு வைத்தது. தெற்கில் இருந்து பேருந்துகளில் வந்தவர்கள் அவற்றின் முன் நின்று படம் எடுத்தார்கள். அறிவிப்புப் பலகையில் இருந்தது வென்றவரின் வாசகம். அதைச் சுற்றியிருந்த கிராமங்களில் இருந்து மக்கள் எப்படி வெளியேறினார்கள், அந்த இரும்பை ஒட்டியவர்கள் யார், அவர்களில் எத்தனை பேர் தாமாக வந்தவர்கள், எத்தனை பேர் கட்டாயத்தில் வந்தவர்கள், அவர்களின் தாய்மார் என்ன நினைத்தார்கள் என்று எந்தப் பலகையும் சொல்லவில்லை. இரும்பு மிஞ்சியது. குரல் மிஞ்சவில்லை.

போர் முடிந்து வரும் ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். 27 ஆண்டு என்ற அந்த அளவை நாமும் நெருங்கி வருகிறோம். 1983 யூலையில் வெள்ளவத்தையில் முப்பது வயதில் இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டியவர். 1942 குண்டுவீச்சைச் சிறு பிள்ளையாகக் கொட்டாஞ்சேனையில் கண்டவர் தொண்ணூறை எட்டியவர். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த பெற்றோரில் பலர், பிள்ளைக்கு என்ன நடந்தது என்று அறியாமலே கண்மூடிவிட்டார்கள். 2017 ஜனவரியில் நல்லிணக்கப் பொறிமுறைகளுக்கான கலந்தாலோசனைச் செயலணி ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சமர்ப்பணங்களை வைத்து அறிக்கை கொடுத்தது. மக்கள் பேசத் தயாராக இருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. கேட்டவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பது வேறு கதை.

கொட்டாஞ்சேனைக்கு இன்னொரு உயிர்த்த ஞாயிறும் வந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில். ஒரே வட்டாரம், ஒரே திருநாள், 77 ஆண்டு இடைவெளி. முதலாவதைக் கண்டவரும் இரண்டாவதைக் கண்டவரும் ஒரே வீட்டில் இருக்கக்கூடும். அந்த வீட்டில் யாராவது உட்கார்ந்து கேட்டிருக்கிறார்களா?

கேட்பது எப்படி

பெரிய நிறுவனம் வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கைத்தொலைபேசி போதும். வாய்மொழி வரலாறு பதிபவர்கள் கைக்கொள்ளும் சில நடைமுறைகள் இவை:

1. சாதாரணத்தில் தொடங்குங்கள். 'அம்மம்மா, குண்டு விழுந்ததைச் சொல்லுங்கோ' என்று தொடங்கினால் அவர் பழகிப்போன இரண்டு வரியைச் சொல்லி முடித்துவிடுவார். 'அப்ப நீங்கள் எந்த ஒழுங்கையில இருந்தனீங்கள்? காலமை என்ன சாப்பிடுவியள்?' என்று கேளுங்கள். நீர்மூழ்கி மாலுமி பாணின் பூஞ்சணத்தில் இருந்துதான் தன் பயத்துக்கு வந்து சேர்ந்தார்.

2. திருத்தாதீர்கள். திகதி பிழை என்றாலும் இடைமறிக்க வேண்டாம். பிறகு தனியே குறித்து வையுங்கள். பிழையும் ஒரு தகவல்தான்.

3. மௌனத்தை நிரப்பாதீர்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். தொடர விரும்பாவிட்டால் தேநீர் குடித்துவிட்டு வேறு கதை பேசுங்கள். ஒருவரின் காயம் எங்கள் ஆவணத் தேவையை விடப் பெரியது.

4. முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று நாட்களாகப் பிரியுங்கள். விசிறியை நிறுத்துங்கள். காலி வீதிப் பக்கத்து யன்னலைச் சாத்துங்கள். தொலைபேசியை அழைப்பு வராத நிலையில் வையுங்கள்.

5. தொடக்கத்தில் திகதி, இடம், பேசுபவர், கேட்பவர் யார் என்பதைக் குரலிலேயே சொல்லுங்கள். பத்து ஆண்டுகளின் பின் அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு அதுவே முகவரி.

6. பொருட்களைக் கையில் கொடுங்கள். துறைமுக அனுமதி அட்டை, பழைய அடையாள அட்டை, கப்பலில் எடுத்த படம், அகதி முகாம் பதிவுத் துண்டு. கையில் ஒரு பொருள் இருந்தால் நினைவு தானாக வரும்.

7. சம்மதமும் பாதுகாப்பும் முதலில். யார் கேட்கலாம், எப்போது வெளியிடலாம், பெயர் வரலாமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் உயிரோடு இருப்பவரைப் பற்றிய விபரம், வழக்கோ விசாரணையோ வரக்கூடிய விபரம் இருந்தால் அந்தப் பகுதியைத் தனியே பூட்டி வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடவே வேண்டாம். 'நான் போன பிறகு வெளியிடு' என்று ஒருவர் சொன்னால் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

8. மூன்று பிரதிகள். ஒன்று வீட்டில், ஒன்று வெளியூரில் இருக்கும் உறவினரிடம், ஒன்று ஓர் ஆவணக் காப்பகத்தில். 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு ஒரே இடத்தில் ஒரே பிரதி என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. 2005இல் இருந்து எண்ணிம நூலகமாக இயங்கும் நூலகம் நிறுவனம் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்து வருகிறது. வெள்ளவத்தையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் தொடங்கப்பட்டதும் அதே 1942ஆம் ஆண்டில்தான். அத்தகைய மண்டபங்களில் மாதம் ஒரு முதியவரை அழைத்துப் பேச வைப்பது கடினமான காரியமல்ல.

வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் தனியே இருக்கும் பலருக்குப் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். கிழமைக்கு ஒரு தடவை தொலைபேசியில் பேசுவது மருந்தைப் பற்றியும் காலநிலையைப் பற்றியும். அந்த அழைப்பில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்ரோன்ஹெஞ்சில் போனவர்களிடம் கேட்க யாருக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. எங்கள் வீடுகளில் இருப்பவர்கள் அடுத்த அறையில்தான் இருக்கிறார்கள். இந்த ஞாயிறு பின்னேரம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு போய் அவர்களுக்குப் பக்கத்தில் இருங்கள்.